யாருங்க வந்து பாப்பாங்க?

செவ்வாய், இரவு

இன்று முதல்வர் அறையில் ஒரு மென்பொருள் விற்பனையாளர். எங்கள் கல்லூரி நூலகத்தில் நான் நிறுவிய, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருளைப் பார்த்து என்னிடம் சிரித்தார். "ஏனுங்க மேடம், ஓசியில வந்தது நின்னுபோச்சுன்னா யாருங்க வந்து பாப்பாங்க?" முதல்வர் என் முகத்தைப் பார்த்தார். "காலையில சொல்றேனுங்க சார்" என்று எழுந்துவிட்டேன். அந்த எரிச்சலோடுதான் வீடு வந்தேன்.

சாப்பிட்டுவிட்டு, இதே மென்பொருளைப் பயன்படுத்துவோரின் இணையக் குழுவைத் திறந்தேன். யாழ்ப்பாணத்து நூலகர் ஒருவர் புலம்பியிருந்தார். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் எல்லா மாணவருக்கும் இனிஷியலைப் போட்டுவிட்டாராம். இப்போது பெயர் வரிசையில் யாரையும் தேட முடியவில்லையாம். நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற கூத்துதான். மாற்றும் வழியை விளக்கமாக எழுதி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில்: "சரிவந்திட்டுது, நன்றி அக்கா."

யார் வந்து பார்ப்பார்கள் என்று அந்த விற்பனையாளர் கேட்டாரே. காலையில் முதல் வேலையாக முதல்வரிடம் சொல்ல வேண்டும்: "நாந்தானுங்க சார்."