கொண்டை ஊசி செருகிய பக்கங்கள்

அக்கா,

நேற்று உங்கள் மகள் கிளென் ஈடனில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு புத்தகத்தை நீட்டினாள். "இது உங்க புக்தானே ஆன்ட்டி? மம்மோட டிராயர்ல இருந்துச்சு." நீங்கள் கண்மூடி மூன்று மாதம் ஆகிறது. கடைசிச் சில பக்கங்களைச் சேர்த்து ஒரு கொண்டை ஊசி செருகியிருந்தீர்கள். ஊசியில் இன்னும் தேங்காயெண்ணெய் வாசனை.

இந்த அயல்நாட்டில், மவுண்ட் ஆல்பர்ட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை நாம் ஐந்து தமிழ்ப் பெண்கள் கூடுவோம். கல்லூரியில் நான் படித்த விக்டோரியா காலத்து நாவல்களைத் தமிழில் சொல்வது என் வேலை. ஏழைப் பிள்ளைகளைச் சமூகம் எப்படி நடத்தியது என்று அந்த எழுத்தாளர்கள் காட்டியதைப் பாடம் நடத்துவதுபோலவே விளக்குவேன். ஒரு குழந்தைக்கு எவ்வளவு கஞ்சி போதும் என்று வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் கூடிப் பேசுவார்கள். பசித்த பிள்ளையிடம் நன்றியோடு இரு என்பார் பாதிரியார். சில கதைகளில் நல்ல பணக்காரர் ஒருவர் வந்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவார்.

"ஒன்ன தூக்கிட்டுப் போயிட்டாரு, சரி. மத்ததுங்க அங்கயேதானே லா இருக்கு?" என்றீர்கள் ஒருமுறை, உங்கள் மலேசியத் தமிழில். எல்லோரும் சிரித்தோம்.

இந்தப் புத்தகத்தைச் சொன்ன அன்று யாரும் சிரிக்கவில்லை. அநாதை விடுதியிலிருந்து ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்படும் சிறுமியின் கதை. நேரமாகிவிட்டதால் பாதியில் நிறுத்தினேன். ரயிலுக்குக் காத்திருந்தபோது, "கடசில அந்தப் பிள்ளைக்கு என்னா ஆகும்?" என்று கேட்டீர்கள். பிறகு நீங்களாகவே சொன்னீர்கள். ஒன்பது வயதில் உங்களை எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்து ஈப்போவில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டார்களாம். அந்த வீட்டம்மா இதே மாதிரி ஒரு கதையைத் தன் மகளுக்கு வாசித்துக் காட்டுவாராம். கதவுக்கு வெளியே துடைத்த அலமாரியையே திரும்பத் திரும்பத் துடைத்தபடி நீங்கள் கேட்பீர்களாம்.

"அந்தம்மா அழுதுகிட்டே டீ கேப்பாங்க. முடிவு கேக்கறதுக்குள்ள என்னைய எஸ்டேட்டுக்கே அனுப்பிட்டாங்க."

"இதுல செத்துடும்க்கா. வீடே அழும்" என்றேன்.

"இருந்தப்ப ஒருத்தரும் அழுவலயே. குடும்மா, படிக்கிறேன். சாவுற பக்கத்த மட்டும் விட்டுடுறேன்."

அப்போது நான் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். ரயில் வந்தது. "பாவம்க்கா நீங்க" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு மருத்துவமனையில்கூடச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

திருச்சியில் எங்கள் வீட்டில் செல்வி என்றொரு பெண் இருந்தாள். பதினொரு வயது. பரீட்சைக்காக இதே நாவலைப் படித்து நான் அழுதுகொண்டிருந்த மத்தியானம், காபி கொண்டுவந்தாள்.

"ஏங்க்கா அழுவுறீங்க?"

"கதைல ஒரு பிள்ளைடி. பாவம், உன் வயசுதான்."

"அது என்னக்கா வேல பாக்குது?"

"சாம்பல் அள்ளும். தரை தேய்க்கும். பாத்திரம் கழுவும்."

"அவ்ளோதானா?" என்றாள்.

நான் காபியைக் குடித்துவிட்டு டம்ளரை அவளிடமே கொடுத்தேன், அக்கா. கழுவுவதற்கு.

நீங்கள் அலமாரி துடைத்துக்கொண்டு நின்ற கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. இது தெரிந்தால் அடுத்த சனிக்கிழமை என் பக்கத்தில் உட்காரமாட்டீர்களோ என்று பயந்தேன்.

இன்று காலை அம்மாவுக்குப் போன் செய்து செல்வி எங்கே என்று கேட்டேன்.

"எந்தச் செல்வி?"

நான் சொல்லச் சொல்ல நினைவு வந்தது. "ஓ, அவளா! நல்லாத்தானே வச்சிருந்தோம். உன் துணியெல்லாம் அவளுக்குத்தான் குடுத்தோம். இப்ப எதுக்குடி அவ பேச்சு?"

எந்த ஊர்ப் பெண், அப்பா பெயர் என்ன, எங்கள் வீட்டிலிருந்து எங்கே போனாள்? அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கதைகளில் கடைசி அத்தியாயத்திலாவது யாரோ ஒருவர் அந்தப் பிள்ளையின் பிறப்பையும் ஊரையும் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஊசியை எடுக்காமலே புத்தகத்தை வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமையும் உங்கள் நாற்காலி காலியாக இருக்கும். என்னிடம் கதை கேட்பார்கள். செல்வியின் கதையைத்தான் சொல்லப்போகிறேன், அந்த டம்ளரையும் விடாமல். முடிவு என்ன என்று யாராவது கேட்டால், அவள் எங்கே போனாள் என்று நான் கேட்காமலே இருந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.