தாள் சுரண்டின நீல டிரம்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். கொல்லைக் குப்பையைக் கிளறினால் உள்ளே பூரான், என் முழங்கை நீளம். இன்னும் உடம்பு கூசுது. இனி மூடி போட்ட உரத்தொட்டிதான்.
எதில் செய்ய? தகரம் - உப்புக்காத்து தின்னுடும். பிளைவுட் - மழையில் ஊறி உப்பிடும். மரம் - கரையான்.
சாயங்காலம் வீட்டுக்காரர் கட்டட சைட்டிலிருந்து நீல பிளாஸ்டிக் டிரம் ரெண்டு கொண்டு வந்தார். நல்ல கனம். "ஒண்ணு உனக்கு, ஒண்ணு மேரிக்கு." மேரி அவர் தங்கச்சி, சின்னப் பையன் ஜோயலோட மின்னி பே பக்கம் இருக்கா. குழாய்த் தண்ணி தினம் வராது, பிடிச்சு வைக்க ஒண்ணும் இல்லையாம். உடனே போய்க் குடுத்துட்டு வந்தார்.
டிரம்மில் ஒட்டியிருந்த தாளை யாரோ சுரண்டியிருக்காங்க. ஏன்?

ஜூன் 10
கம்பியைக் காய்ச்சி டிரம்மில் காத்து ஓட்டை. மண்ணெண்ணெய் மாதிரி வாடை. தலைவலி. அவர்: "பிளாஸ்டிக் சுட்டா நாறத்தான் செய்யும்." இருக்கலாம். சோப்பு போட்டுக் கழுவியும் போகல. காஞ்ச இலை, காய்கறித் தோல், வாழையடியில் தோண்டின மண்புழு ஒரு கை. மூடியாச்சு.

ஜூன் 11
திறந்து பார்த்தேன். மண்புழு அத்தனையும் சுருண்டு செத்துக் கிடக்கு. ஒரு எறும்புகூட இல்லை.
அப்புறம்தான் மேரி ஞாபகம். உடனே போன் போட்டேன். எடுக்கல. திரும்பவும் எடுக்கல. அவரைப் போனில் கூப்பிட்டு, டிரம்மில் முன்னால என்ன இருந்துச்சுன்னு சைட்டில் கேக்கச் சொன்னேன். பின்னால் சூப்பர்வைசர் குரல், இந்தியில், ரொம்ப சாதாரணமா: "தீமக் கா தவா தா, பாய்." கரையான் மருந்து.
மழையோட ஸ்கூட்டியில் மின்னி பே. வழியெல்லாம் மாதாவே, மாதாவே.
மேரி வாசலில். "என்ன மதினி, இந்த மழையில?"
"டிரம் தண்ணி குடிச்சீங்களா?"
"குடத்துல தீந்துபோச்சு. காலையில ஜோயலுக்கு அதுலதான்... ஏன் மதினி? அவன் வாந்தி எடுக்கான்."
பிள்ளை பாயில். வாயோரம் எச்சில், சட்டையெல்லாம் வேர்வை. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரி.

ஜூன் 12
ஊசி, டிரிப். டாக்டர்: "கொஞ்சமாத்தான் உள்ள போயிருக்கு. ஆனா பார்த்துக்கிட்டே இருக்கணும்." அந்த 'ஆனா'விலேயே நிக்கிறேன். மேரி அவன் நெஞ்சு ஏறி இறங்கறதையே பாக்குறா. இவர் வராந்தாவில், உள்ளே வரப் பயம். "நான்தானே குடுத்தேன்." அதையே சொல்றார்.
சோறு இறங்கல. யார் டீ நீட்டினாலும் முதல்ல மோந்து பாக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு
ஜோயல் வீடு வந்தாச்சு. பூசைக்குப் போகல.
யாரும் எடுத்துடக் கூடாதுன்னு டிரம் ரெண்டையும் அவர் அறுத்துப் போட்டார்.
உரத்தொட்டிக்குப் புது சிமெண்ட் ஹாலோ பிளாக். பூச்சு இல்லாமல் இடைவெளி விட்டு அடுக்கி, மேலே கம்பி வலை, ஒரு கல். "இதுல மருந்து ஏதும் கலந்திருக்கா?"ன்னு கேட்டதுக்குக் கடைக்காரர் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல.

ஜூன் 17
மேரி வீட்டில் இருந்தேன். குழாயில் தண்ணி. எவர்சில்வர் குடத்தில் பிடிச்சா. ஜோயலுக்குத் தாகம், டம்ளருக்குக் கை நீட்டினான். அவ குடுக்கல. தானே குடிச்சிட்டு வாசப்படியில் உக்காந்தா.
"கொஞ்சம் இருடா."
நானும் ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சிட்டு அவ பக்கத்தில் உக்காந்தேன்.