ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் ஒருசந்தி என்று பட்டினி கிடக்கிறீர்கள். தங்கச்சி போனில் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதீர்கள். இந்தத் தவக்காலம் முழுக்க எனக்காக நேர்ந்துகொண்டீர்களாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற உடம்பு தாங்குமா? தலைசுற்றல் வருகிறதா? நான் நலம்தான்.

போன ஞாயிறு எங்கள் சலவைக்கூடத்தில் ஒரு கூத்து. "உங்களுக்குத்தான் தவக்காலமாச்சே, சாப்பாட்டு நேரம் எதுக்கு? மெஷினை ஓட்டுங்க" என்றான் சூப்பர்வைசர், எங்கள் எல்லோரையும் பார்த்து. அடுத்தவன் வயிற்றைக் காயப்போட்டுப் பக்தி வளர்க்கிறவன்! நான் மெஷினை நிறுத்தினேன்.

"சார், ஞாயித்துக்கிழமை ஒருசந்தி கிடையாது. ஆண்டவர் உயிர்த்த நாள். எங்கம்மா சொல்லிக்குடுத்தது."

தரையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். இஸ்திரி போடும் அக்கா, "தள்ளி உக்காரு தம்பி, எனக்கும் பசிக்குது" என்று வந்தார். பிறகு எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இந்த ஞாயிறு அவனே மணியடித்துச் சாப்பிட அனுப்பினான்.

கொஞ்சம் ஊறுகாய் அனுப்புங்கள். அறையில் தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நீங்கள் சொல்லிக்கொடுத்ததை வைத்துத்தான் நாங்கள் சாப்பிட்டோம். வரும் ஞாயிறு மதியம் நீங்களும் தட்டுப் போட்டு உட்காருங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.