ஒரு ரிங் என்றால் வந்துவிட்டேன்

பெப். 6, செவ்வாய்

வெயில். கடற்கரை ஒழுங்கை என்று பெயர்தான், காற்று ஒரு பொட்டும் இல்லை. வாங்க வேண்டியவை: ஃபக்ஸ் ரோல், இரண்டாம் போன் கூண்டுக்கு பல்ப், இவருக்கு இருமல் மருந்து.

வியாபாரம் படுத்துவிட்டது. வெள்ளவத்தையில் கொமியூனிகேஷன் கடை வைத்திருப்பவள் என்றால் முன்பு ஒரு மரியாதை. கனடாவுக்கும் லண்டனுக்கும் கதைக்க ஒழுங்கை வரை வரிசை நின்றது. அழுகை, கல்யாணப் பேச்சு, ஏஜென்சிக்காரனுக்குத் திட்டு, எல்லாம் என் மூன்று கூண்டுக்குள்தான். இப்போது எல்லார் பையிலும் மொபைல். ஒரு கூண்டைக் கழற்றிவிட்டு கொம்பியூட்டரும் கமெராவும் வைத்தேன். இன்று நோர்வே மாப்பிள்ளை ஒருவர் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு திரைக்குள் வந்தார். இங்கே பெண்வீட்டார் ஒரு வான் நிறைய. பெண்ணின் தாய் என் காதுக்குள்: "பிள்ளை, ஆளை எழும்பி நிக்கச் சொல்லும், உயரம் பாக்கோணும்."

நல்லம்மா அக்கா வந்தார். பக்கத்து லொட்ஜில் விசாவுக்குக் காத்திருப்பவர். லண்டன் மகளுக்கு மிஸ்ட் கோல். "ஒரே ஒரு ரிங் பிள்ளை, அவள் திருப்பி எடுப்பாள்." மகள் திருப்பி எடுத்தாள். அரை நாள் கதை. கதிரையும் ஃபேன் காற்றும் என் தலையில். உலகத்திலேயே மலிவான வியாபாரம் இந்த மிஸ்ட் கோல், செய்கிறவர்களுக்கு.

பெப். 8, வியாழன்

அதே வெயில். இரவு மின்வெட்டு.

நான் நல்லம்மா அக்காவை நக்கல் அடிக்கிறேன், என் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. பஸ்களில் குண்டு வைக்கத் தொடங்கிய பிறகு எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. இவர் கொச்சிக்கடையில் துறைமுகத்துக்குப் பக்கத்து ஒஃபிசில் கிளார்க். தினமும் காலி வீதி என்ற பெரிய ரோட் நீளத்துக்குப் பஸ். சண்டை பிடித்து ஒரு மொபைல் வாங்கிக் கொடுத்தேன்.

"கழுத்தில மணி கட்டி விடுறாய். நான் என்ன மாடே?"

"ஓம், மாடுதான். போன உடன ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ."

"பஸ்ஸுக்குள்ள நிண்டு தமிழில கதைக்கச் சொல்லுறியே? போன கிழமை ஒரு பெடியன் 'அம்மா' எண்டு தொடங்கினவன். முன் சீற்றில இருந்து பின் சீற்று மட்டும் எல்லாரும் திரும்பிப் பாத்தினம். பாவம், அடுத்த ஹோல்ட்டிலேயே இறங்கிட்டான்."

அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை. வாதாட என்ன இருக்கிறது? நானும் தெஹிவளைச் சந்தையில் போன் அடித்தால் எடுக்காமல் பைக்குள் தள்ளுகிறவள்தானே.

ஆகவே சட்டம் போட்டோம். இவர் போட்டார். ஒரு ரிங் அடித்து நின்றால்: வந்துவிட்டேன். இரண்டு ரிங்: சுணங்கும், பிந்தித்தான் வருவேன், தேடாதே. நிற்காமல் அடித்தால்: எடு, ஏதோ நடந்துவிட்டது.

மூன்றாவதை இதுவரை பாவித்ததில்லை. பிள்ளையாரே, அது வேண்டாம்.

பெப். 10, சனி

இவருக்கு இப்போது மொபைல் பிடித்துவிட்டது. ஒரு நாளும் கதைப்பதில்லை, ஆனால் எங்கே போனாலும் ஒரு ரிங். சலூனுக்குப் போனார். ஒரு ரிங். கோயிலடிக்குப் போனார். ஒரு ரிங். மீன் வாங்கப் போனார், ஒரு ரிங். அறக்குளா கிடைத்ததா என்று கேட்க வழியில்லை. பின்னேரம் கடை வாசலில் நின்றபடியே என்னைப் பார்த்து ஒரு ரிங் அடித்தார். நல்லம்மா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "பிள்ளை, உன்ர மனுசன் சொர்க்கத்துக்குப் போனாலும் ஒரு ரிங் அடிச்சுப்போட்டுத்தான் இருப்பார்."

வாயைக் கழுவச் சொன்னேன். பகிடிக்குத்தான் என்றார்.

ரொறன்ரோவில் இருந்து குமரன் கமெராவில் வந்தான். மெலிந்துவிட்டான். அகதி வழக்கு இன்னும் இழுபடுகிறதாம். பெற்ற மகனைக் கூண்டுக்குள் பார்க்கிறேன், மற்றவர்கள் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி. அவனுடைய அப்பா பின்னால் நின்று கையை ஆட்டினார், அவ்வளவுதான். "அப்பா ஒரு வசனம் சொல்லுங்கோவன்" என்றான் குமரன். "சாப்பிட்டியே?" என்றார். வசனம் முடிந்தது.

பெப். 13, செவ்வாய்

காலையில் வாய்த்தர்க்கம். ஒரு நாளைக்காவது கதையுங்கோ, உங்கட குரலைக் கேட்டால்தான் எனக்கு மனம் ஆறும் என்றேன். சப்பாத்துப் போட்டபடி, "குரல் கேக்கவோ? பின்னேரம் வீட்ட வருவன், ஆறுதலாக் கேள்" என்றார். மொபைலை மேசையில் மறந்துவிட்டுப் போனார். பஸ் ஹோல்ட் வரை ஓடிப்போய் சட்டைப் பைக்குள் வைத்தேன். சட்டைப் பையில் தட்டிப் பார்த்துக்கொண்டு ஏறினார்.

பெப். 13, பிற்பகல்

கடையில் இப்போதுதான் ஆள் ஓய்ந்தது. எழுதி வைக்கிறேன்.

பஸ்ஸுக்குள் குண்டு. கோட்டைக்குப் போகிற வழியில், இவர் போகிற பாதையில். எனக்கு முதலில் தெரியாது. கடை திறந்து தூசு தட்டிக்கொண்டிருந்தேன், குமரன் ரொறன்ரோவில் இருந்து கடை லைனுக்கு எடுத்தான். "அம்மா, இன்ரநெற்றில போட்டிருக்கிறாங்கள். அப்பா எங்க?" வெள்ளவத்தையில் எனக்குத் தெரிய முன்னம் கனடாவில் தெரிந்துவிட்டது.

இவருடைய மொபைலுக்கு எடுத்தேன். போகவில்லை. திரும்ப எடுத்தேன். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் எடுத்தால் எப்படிப் போகும்? எல்லா மொபைலும் செத்துவிட்டது. கடை லைன்கள் மட்டும் விட்டுவிட்டு வேலை செய்தன. அவ்வளவுதான், என் கடைக்குள் மறுபடி அந்தக் காலத்து வரிசை. என்னை மறந்து போன முகங்கள் எல்லாம் வந்து நின்றன. ஒரு சிங்களப் பெண், கையில் குழந்தை, புருஷன் அந்தப் பக்கம் வேலையாம். "அக்கே, எனக் கொஞ்சம் எடுத்துத் தாங்கோ" என்று பாதித் தமிழில் கேட்டு அழுதாள். எடுத்துக் கொடுத்தேன். கிடைத்தான். அவள் சத்தம் போட்டு அழுததில் எனக்கும் அழுகை.

இவருடைய ஒஃபிஸ் நம்பர் எந்நேரமும் என்கேஜ்.

பிறகு மேசையில் என் மொபைல். ஒரு ரிங். நின்றது. திரையில் இவருடைய நம்பர்.

கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். நல்லம்மா அக்கா, "வந்திட்டுதோ? வந்திட்டுதோ?" என்று என் தோளை உலுக்கினார். ஓம் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வழக்கத்தைவிட நல்லாகப் பிந்தித்தான் வந்தது. ரோட்டை மறித்திருப்பார்கள், நடந்து போயிருப்பார். ஊரே கதறுகிறது, இந்த மனுசன் இன்றைக்கும் ஒரு ரிங்! திருப்பி எடுத்துப் பார்த்தேன், போகவில்லை. பரவாயில்லை. சட்டம் சட்டம்தான்.

குமரனுக்குச் சொன்னேன்: "அப்பா பத்திரம். ஒரு ரிங் வந்தது. நீ படு."

அதன் பிறகு ஓடி ஓடி மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்தேன். பலருக்குக் காசு வாங்கவில்லை. வராத கோலுக்காக நின்றவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். எனக்கு வந்துவிட்டது என்ற தைரியத்தில் எல்லாருக்கும் ஆறுதல் சொன்னேன்.

சுற்றிவளைப்பு நடக்குமாம், தமிழ் ஆட்களைப் பிடிப்பார்களாம் என்று கதை. லொட்ஜ்காரர் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள். இவர் வர இன்று சுணங்கும். இரண்டு ரிங் அடிப்பார். இரவுக்கு அறக்குளாக் குழம்பு வைக்கலாம்.

இருட்டுகிறது. இவர் இல்லை. இரண்டு ரிங்கும் இல்லை.

அன்ரனி எடுத்தான். இவரோடு வேலை செய்கிற பிள்ளை, கொட்டாஞ்சேனையில் வீடு. இப்போதுதான் லைன் கிடைத்ததாம்.

"அக்கா, பாலன் அண்ணை சுகம்தானே? இண்டைக்கு ஒஃபிசுக்கு வரேல்லை, வீட்டிலதான் நிக்கிறாராக்கும் எண்டு நினைச்சனாங்கள்."

பெப். 19, திங்கள்

எழுதவில்லை. என்ன எழுத.

ஓட்டோ ஓட்டுகிற சுனில்தான் அன்று என்னைக் கொண்டுபோனான். ஒவ்வொரு செக் பொயின்ற்றிலும் அவனே இறங்கிப் பேசினான், என்னை வாய் திறக்க விடவில்லை. ஆஸ்பத்திரி. கட்டில் காலி. உயிர் போனது கொஞ்சம் முதல்தான், என்றார்கள். கொஞ்சம் முதல்.

எரித்தாகிவிட்டது.

குமரனால் வர முடியவில்லை. அன்ரனி கமெராவைக் கழற்றி, கொம்பியூட்டரைத் தள்ளி, கடை நடுவில் அப்பாவைக் கிடத்திக் காட்டினான். கடை வாசலில் செருப்புக் குவியல். திரைக்குள் பிள்ளை தலையில் அடித்துக்கொண்டான். வாய் முதலில் அசைகிறது, சத்தம் பிந்தி வருகிறது. "நீங்கள்தானே அம்மா பத்திரம் எண்டு சொன்னீங்கள்?" வாய் மூடிய பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குக் கேட்டது.

நான் வாய் திறக்க முன்னம் லைன் அறுந்தது. நல்லதாகப் போயிற்று.

பெப். 22, வியாழன்

மழை தூறல்.

மண்டைக்குள் ஒரே கேள்வி. குண்டு வெடித்துக் கனநேரத்துக்குப் பிறகு அடித்த அந்த ஒரு ரிங் யாருடையது? யாராவது எடுத்துச் சொல்ல முயன்று லைன் அறுந்திருக்கும் என்கிறான் அன்ரனி. அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பொலிஸ் பொருட்களைத் தந்தது. மணிக்கூடு, மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் மட்டும், மொபைல். சார்ஜ் போட்டேன். உயிர் வந்தது. கடைசியாக அடித்த நம்பர், "கடை". என்னை அந்தப் பெயரில்தான் போட்டு வைத்திருக்கிறார். வசந்தி என்று போட என்ன வெட்கம் இந்த மனுசனுக்கு. பல நாட்களுக்குப் பிறகு கோபம் வந்தது, கோபம் நல்லாக இருந்தது.

நாளைக்கு அந்த வார்டுக்குப் போகிறேன். யார் அழுத்தியது என்று தெரிய வேண்டும்.

பெப். 23, வெள்ளி

போனேன். சுனில் கூட வந்தான்.

ஒரு சின்ன வயது நேர்ஸ். படத்தைக் காட்டினேன், உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். என்னை வாங்கில் இருத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். எல்லாம் சிங்களத்தில். விளங்காமல் இருந்திருக்கலாம்.

அவர் நினைவோடு இருந்தாராம். கையைத் தூக்க முடியவில்லை, ஆனால் தெளிவாகக் கதைத்தார். போனைக் கேட்டார். அவளே நம்பரை அழுத்தி, கதையுங்கள் என்று காதடியில் பிடித்தாள். ஒரு ரிங் போனது. "கட் பண்ணு" என்றார். அவளுக்கு விளங்கவில்லை. "கட் பண்ணு மிஸ்" என்று திரும்பச் சொன்னார். செய்தாள். ஏன் கதைக்கவில்லை என்று கேட்டாள்.

"எத்தி மிஸ். நோனாட்ட தேரெனவா."

போதும் மிஸ், மனுசிக்கு விளங்கும்.

"அதனால் வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது என்று நினைத்தேன்" என்றாள். "பின்னேரம் வரைக்கும் இருந்தார். நீங்கள் வருவீர்கள் என்று நானும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்."

பின்னேரம் வரைக்கும். அந்த நேரம் முழுக்க நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அறக்குளாக் குழம்பு என்று எழுதினேன், மேலே இருக்கிறது.

ஏன்? அடிபட்டவர்களும் அழுகிறவர்களும் நிறைந்த வார்டில், அன்றைக்கு, தமிழில் வாய் திறக்கப் பயமா? சுற்றிவளைப்புக்குள் நான் ஓடி வந்து மாட்டுவேன் என்றா? இல்லை, ஆஸ்பத்திரிக்கு வந்தாகிவிட்டது, ஆகவே ஒரு ரிங் என்று, சலூனில் இருந்து அடிப்பது போல வெறும் பழக்கமா? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். ஒன்றிலும் நெஞ்சு ஆறவில்லை. நிற்காமல் அடி என்று ஒரு சட்டம் இருந்ததே. நீங்களே போட்டதுதானே, பாவி மனுசா.

மனுசிக்கு விளங்கும் என்றாராம். விளங்கியது. வந்துவிட்டேன் என்று விளங்கியது.

பெப். 26, திங்கள்

கடை திறந்தேன். வெயில். ஃபக்ஸ் ரோல் இன்னும் வாங்கவில்லை.

நல்லம்மா அக்கா தயங்கித் தயங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிள்ளை, லண்டனுக்கு ஒரு ரிங் மட்டும்..."

அடித்தேன். ஒரு ரிங். அவர் ரிசீவரை வைக்கக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு. மூன்று. "ஐயோ எடுத்திடுவாள், காசு ஏறும் பிள்ளை!" என்றார். அந்தப் பக்கம் மகள் எடுத்தாள். ரிசீவரை அவர் காதில் வைத்து அழுத்தினேன்.

"கதையுங்கோ" என்றேன். "காசு வேண்டாம். ஏதாவது கதையுங்கோ அக்கா."