விரல் நின்ற பக்கம்

பொம்மி,

உன் பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். உன் அண்ணன் மருமகள் என்னை உள்ளே கூப்பிட்டு, பழைய துண்டில் சுற்றிய ஒன்றைக் கையில் வைத்தாள். “அத்தை பொட்டியில அடியில இருந்துது பெரிம்மா. உங்ககிட்ட குடுத்துடுன்னு ஒரு தபா சொன்னாங்க, குடுக்கவே கூடாதுன்னு ஒரு தபா சொன்னாங்க. எனக்கு எதுக்கு வம்பு, குடுத்துட்டேன்” என்றாள்.

பிரித்தேன். மண்ணெண்ணெயும் நூலுக்குப் போடுகிற கஞ்சியும் கலந்த வாசனை வந்தது. நம் விமானக் கதைப் புத்தகம். மழையில் நனைந்து கூழாகிவிட்டது, தூக்கி எறிந்துவிட்டேன் என்று நீ சொன்னாயே, அதே புத்தகம். ஒரு பக்கத்திலும் தண்ணீர் பட்ட கறை இல்லை.

ரேணிகுண்டா ஸ்டேஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த உன் அண்ணன் வாங்கி வந்தது அது. அட்டையில் வால் புகையும் ஒரு விமானம். பர்மா சண்டைக்குப் போகிற ரகு, தாமஸ் என்று இரண்டு விமானக்காரர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதின கதை. பதினாறு வயதில் நம் இரண்டு பேருக்கும் அது தலைக்கேறிவிட்டது. எனக்குத் தெரிந்தது இரண்டாம் வகுப்புத் தெலுங்கு. நீ தமிழில் ஐந்து வரை படித்தவள். தெருவுக்கு வருகிற தமிழ்க் கடுதாசி எல்லாம் உன் வாயால்தான் பேசும்.

மத்தியானம் என் நைனா சாப்பிட்டுப் படுத்ததும் அவர் தறிக் குழியில் நாம் இரண்டு பேரும் இடித்துக்கொண்டு உட்காருவோம். “புடிச்சிக்கோடி, ரங்கூன் வந்துடுச்சு!” என்று மிதிகட்டையை மிதிப்பாய். அடுப்படியிலிருந்து அம்மா கத்துவாள்: “தறி ஒடைஞ்சா ரங்கூன்ல இருந்து எவன்டி வந்து சரி பண்ணுவான்? தார்க் குச்சியில நூலு சுத்துங்கடின்னா பறந்துக்கினு இருக்காளுங்க.”

நீ படிக்கும்போது உன் விரல் எழுத்துக்குக் கீழே எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டே போகும். தமிழ் படிக்கத் தெரியாத நான் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசிப் பாகம் வந்த அன்றைக்கு விமானம் தீப்பிடித்தது. “குதிக்கிறதுக்குக் குடை இல்ல. ரெண்டு பேரும் ஒருத்தன் கையை ஒருத்தன் புடிச்சிக்கினு, நெல்லு வயல்ல எறக்கிட்டாங்க. யாரும் யாரையும் வுட்டுட்டுப் போவல” என்றாய். பாராசூட்டுக்கு நாம் வைத்த பெயர் குடை. உன் விரல் ஒரே இடத்தில் நின்றிருந்தது.

“ஏண்டி, வெரலு நிக்குது, வாயி மட்டும் ஓடுது?”

“இங்க படம் போட்டுக்குதுடி. படத்துக்கு எதுக்கு வெரலு?” என்று புத்தகத்தை மூடிவிட்டாய்.

அது தெலுங்குப் பக்கமும் தமிழ்ப் பக்கமும் எல்லைக்காக அடித்துக்கொண்டிருந்த காலம். திருத்தணியும் அப்போது நம் நகரி மாதிரி சித்தூர் ஜில்லாதான். எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று சித்தூரிலிருந்து ஒருவர் நோட்டோடு வந்தார். “வூட்ல தமிழு, சந்தையில தெலுங்கு. தூக்கத்துல என்னா பேசுறேன்னு என் பொஞ்சாதியைத்தான் கேக்கணும்” என்றார் நைனா. வந்தவர் சிரித்துக்கொண்டே என்னவோ எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று நமக்குத் தெரியாது.

அந்த மாதம்தான் திருத்தணியிலிருந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவர். சட்டைப் பையில் பேனா. இவரிடம் தமிழ் எழுத்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிடித்திருக்கிறது என்பதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொன்னேன். நீ தார் சுற்றிக்கொண்டே இருந்தாய். நூல் இரண்டு முறை அறுந்தது.

பத்து நாள் கழித்து அவர்கள் கடுதாசி வந்தது. நைனா உன்னைக் கூப்பிட்டார். நீ இரண்டு கையாலும் காகிதத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தாய். “எல்லை தீராம அந்தப் பக்கத்துப் பொண்ணை எடுக்க எங்களுக்கு மனசு இல்ல. மன்னிச்சிக்கோங்க.” அவ்வளவுதான் என்றாய்.

“போனா போவுது, நகரியில பையனுக்கா பஞ்சம்?” என்றார் நைனா. “வேணாம்னு எழுதின கடுதாசி வூட்ல எதுக்கு நைனா?” என்று நீயே அதைக் கஞ்சி காய்ச்சும் அடுப்பில் போட்டாய்.

மறு தையில் எனக்கு மூன்றாவது தெருவில் கல்யாணம். அவர் நல்லவர்தான், குறை சொல்ல மாட்டேன். உன்னைப் பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் நீ வாயாலேயே விரட்டினாய். என் மூன்று பிரசவத்துக்கும் நீதான் வந்து நின்றாய். அவர் கண்ணை மூடின அன்றைக்கு என் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை நகரவே இல்லை. அந்தக் கடுதாசியை வைத்து இவளைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று என்னை நானே எத்தனை தரம் திட்டியிருப்பேன்! ஆனால் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடு என்று கேட்கும்போதெல்லாம், “உனக்கு எதுக்குடி? நான் இல்லியா படிக்க?” என்பாய். உடனே அந்தச் சந்தேகம் திரும்ப வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

நாற்பது வயதுக்கு மேல் உனக்குத் தெரியாமல் நானே கற்றுக்கொண்டேன். நகரி ஸ்டேஷன் போர்டில் தெலுங்கில் இருந்த பெயரை வைத்துத் தமிழில் மூன்று எழுத்துப் பிடித்தேன். மீதி, திருத்தணி பஸ்களின் போர்டிலும் மளிகை மடித்த காகிதத்திலும் கிடைத்தது. உன்னிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அந்தக் கடுதாசியைப் பற்றிக் கேட்டுவிடுவேன் என்று பயம். கேட்டால், நீ எழுந்து போய்விடுவாயோ என்று அதைவிடப் பயம்.

புத்தகம் கைக்கு வந்த பிறகு கடைசிப் பாகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். எட்டு நாள் ஆனது. அந்தப் பக்கத்தில் படம் இல்லை பொம்மி. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. குடை இருந்தது, ஒன்றே ஒன்று. ரகு அதைத் தாமஸ் முதுகில் கட்டி, “நீ பிழைத்துப் போ” என்று கீழே தள்ளிவிடுகிறான். தாமஸ் மேலே பார்த்துக்கொண்டே இறங்குகிறான். கதை அங்கே முடிந்துவிடுகிறது.

நீ ஒருவனையும் போகவிடவில்லை.

இப்போது நான் எதைப் படித்தாலும் என் விரலும் எழுத்துக்குக் கீழே ஊர்கிறது. அது உன் விரல்தான். அதை விட்டுப் படிக்க எனக்கு வரவில்லை. வாசலில் உட்கார்ந்து ரேஷன் கார்டைப் படித்தாலும் நீ பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

விரலைப் பற்றி நான் கேட்ட பிறகு வந்த முதல் காகிதம் அந்தத் திருத்தணிக் கடுதாசிதான். எப்போதும் ஒரு கையில் பிடித்து, ஒரு விரல் ஓட்டிப் படிக்கிறவள், அன்றைக்கு மட்டும் ஏண்டி அதை ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு படிச்சே?