பவளமல்லிக்கு வெட்டிய கான்

1876 வைகாசி 11

கட்டுகஸ்தோட்டை முஹைதீன் இன்று நான் கணக்கெழுதும் கிட்டங்கிக்குக் கோப்பி மூட்டை கொண்டுவந்த வண்டியில் எனக்கொரு பவளமல்லிக் கன்றும் ஏற்றி வந்தார். இடுப்பளவு உயரம். "மார்கழியில இது பூக்கல்லயெண்டா என்னக் கேளுங்க, கிளாக்கர்" என்றார். போன வருடம் நான் வைத்த மல்லிகை இரண்டும் செத்தது அவருக்கும் தெரிந்திருக்கிறது. கண்டி முழுக்கத் தெரியும் போல.

வேலை முடிந்து வந்து நட்டேன். யாழ்ப்பாணத்தில் என்னைப் பெற்ற ஐயா செய்வதுபோலச் சுற்றிவரப் பாத்தி கட்டி, நாலு வாளி தண்ணீர். முதுகு முறிந்துவிட்டது.

வைகாசி 12

எதற்கு இந்தப் பாடு என்று எழுதி வைக்கிறேன். கலியாணம் முடிந்து இராஜேஸ்வரி இங்கே வந்தது போன வருடத்துக்கு முந்தின வருடம் மார்கழியில். பூசைக்குப் பூத் தேடி விடிய எழும்பிப் போனாள். ஒரு மொட்டுக்கூட இல்லை. "வாசப்பூ ஒண்டும் பூக்காத ஊரிலை நான் விடிய எழும்பி என்ன செய்யிறது?" தையில் ஊருக்குப் போனவள்தான்.

பூவுக்காகவா போனாள்? கோப்பி இறங்கும் காலம், ஞாயிறும் வேலை. நான் இருட்டோடு போய் இருட்டோடு வந்தேன். பகல் முழுக்க அவளோடு பேச ஒரு மனிதர் இல்லை. எல்லாம் தெரியும். ஆனால் என்னால் நடக்கூடியது செடி மட்டும்தானே?

ஆனி 3

காலை நாலு வாளி. மாலை நாலு வாளி.

ஆனி 20

மழை. ஆனாலும் ஊற்றினேன். மழைக்கு மேல்மண்தானே நனையும்.

ஆடி 8

மைத்துனர் பெரியதம்பியின் கடிதம். இராஜேஸ்வரி சொல்லச் சொல்ல அவர் எழுதுவது. எல்லாரும் சுகம். பசு கன்று போட்டிருக்கிறது. வருவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் சொல்லவில்லையா, இவர் எழுதவில்லையா?

தோட்டங்களில் கோப்பி இலையில் மஞ்சள் தூள் படியும் நோய் கூடுகிறதாம். கிட்டங்கியில் எல்லாருக்கும் அதே பேச்சு. எனக்கு என் செடியின் கவலை. அதன் இலையும் மஞ்சள்.

ஆடி 15

இலை கொட்டுகிறது. தண்ணீர் போதவில்லை. இன்று எட்டு வாளி.

ஆடி 17

ஞாயிறு. கிட்டங்கியில் கோப்பிக்கொட்டை பொறுக்கும் வீரம்மா வேலியோரமாகப் போனவள் நின்றுவிட்டாள். முன்பு தோட்டத்தில் கோப்பிக் கன்று நட்டவள்.

"என்னாங்கய்யா, செடிய கொளத்துல நட்டு வச்சிருக்கீங்க?"

தண்ணீர் காணாமல் வாடுகிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை, அதுதான் சுட்டது. விரலால் மண்ணைக் கிளறி ஒரு வேரைப் பிய்த்து என் மூக்கருகே பிடித்தாள். அழுகல் நாற்றம்.

"வானமும் ஊத்துது, நீங்களும் ஊத்துறீங்க. இங்க தண்ணிய கட்டி வைக்கக் கூடாதுங்க. ஓட்டி விடணும்."

என் மண்வெட்டியை வாங்கிப் பாத்தியை உடைத்து, செடியடியிலிருந்து சரிவு வரைக்கும் ஒரு கான் வெட்டினாள், தோட்டத்தில் வெட்டுவதுபோல. தேங்கிய தண்ணீர் சளசளவென்று ஓடியது.

அப்படியென்றால் அந்த இரண்டு மல்லிகையையும் கொன்றது நான்தான். என்ர கையாலையே. துலா மிதிச்சுத் தண்ணி இறைக்கிற ஊரிலை பிறந்தவனுக்கு, தண்ணி கூடியும் செடி சாகும் எண்டு ஆர் சொல்லித் தந்தது?

ஆவணி 2

ஊற்றவில்லை. விடிந்ததும் கை தானாக வாளிக்குப் போகிறது.

புரட்டாதி 25

துளிர். ஐந்து இடத்தில்.

கார்த்திகை 19

பூத்துவிட்டது! விடிய வாசலைத் திறந்ததும் வாசம். பதினொரு பூ, சேற்றில் கிடந்தன. நிலத்தில் விழுந்தாலும் சாமிக்கு ஆகும் பூ இது ஒன்றுதான். கழுவிப் படத்துக்கு வைத்தேன். நாலு பூவை இராஜேஸ்வரிக்கு எழுதிய கடிதத்துக்குள் வைத்தேன். காம்பின் செம்மஞ்சள் தாளில் ஊறிவிட்டது.

என்ன எழுதுவதென்று தெரியாமல் கான் வெட்டிய கதையை எழுதினேன், என் முட்டாள்தனத்தையும் மறைக்காமல். இனி மார்கழியிலும் ஞாயிறு வீட்டில் இருப்பேன் என்றும் எழுதினேன். கிட்டங்கித் துரையிடம் கேட்டுவிட்டேன். முறைத்தார். பிறகு சரி என்றார். இதை அவள் இங்கே இருந்தபோதே கேட்டிருக்கலாம்.

மார்கழி 9

பதில் இல்லை. கிட்டங்கி வாசலில் வண்டிக்குப் பின்னால் வண்டி. கால் வீங்கிவிட்டது. பூ கொட்டிக் கிடக்கிறது, பொறுக்க நேரமில்லை.

மார்கழி 18

பெரியதம்பி எழுதியிருக்கிறார்: "தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு கப்பலிலை வாறன். கான் வெட்டின கதையை மூண்டு தரம் வாசிக்கச் சொன்னவள். இருப்பாளோ தெரியாது. பாத்திட்டுச் சொல்லுறன் எண்டாள்."

மார்கழி 26

வந்துவிட்டார்கள். ரயிலடியில் "குளிருது" என்றாள். செடியைச் சுற்றி வந்து பார்த்தாள். "பூவெல்லாம் சேறு" என்றாள். அவ்வளவுதான்.

மார்கழி 28

பெட்டியை இன்னும் திறக்கவில்லை. கட்டி வந்த கயிறுகூட அப்படியே இருக்கிறது. நாளைக்கு மைத்துனர் ஊருக்குத் திரும்புகிறார். கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்கவில்லை.

மார்கழி 29

விடிய எழும்பினேன். பெட்டிக் கயிறு சுவரோரம் சுருட்டி வைத்திருந்தது. பவளமல்லிக்கு அடியில் அவளுடைய பழைய வெள்ளைச் சீலை விரித்திருந்தது, நாலு மூலையிலும் கல் வைத்து. அதன்மேல் பூ. ஒன்றிலும் சேறு இல்லை.

பெரியதம்பி காலை ரயிலில் தனியே போனார்.