கதவோரம் வைத்த சப்வூஃபர்

அக்கா,

இன்று காலை எங்கள் அடுக்ககத்தின் கீழே தண்ணீர் லாரி வந்து நின்றது. வைட்ஃபீல்டில் இது தினப்படி நடப்பதுதான். ஓட்டுநர் என்ஜினை அணைக்காமலே குழாயை மாட்டிக்கொண்டிருந்தார். என் சமையலறை ஜன்னல் கம்பி மெல்ல அதிரத் தொடங்கியது. அடுப்பைக் குறைத்துவிட்டுக் கம்பியின்மேல் உள்ளங்கையை வைத்தேன். காதுக்கு எட்டும் முன்பே கைக்குத் தெரிந்துவிடுகிற சத்தம் ஒன்று உண்டு என்று எனக்குக் காட்டியவள் நீ. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. லாரி கிளம்பியதும் கம்பி நின்றது. தோசையைத் திருப்பிப் போட்டேன்.

நீ போன பிறகு எல்லாமே இப்படித்தான் இருக்கிறது. ஆபீஸ் போகிறேன், மெட்ரோவில் நிற்கிறேன், யாராவது சிரித்தால் நானும் சிரிக்கிறேன். எதுவும் உள்ளே இறங்குவதில்லை. நடந்ததை வரிசையாக எழுதினால் ஏதாவது ஓர் இடத்தில் தட்டுப்படுமா என்று பார்க்கிறேன்.

முதல் தடவை சிகிச்சை முடிந்தபோது கட்டி கரைந்துவிட்டது என்றார்கள். வீட்டில் பிரியாணி செய்து கொண்டாடினோம். அந்த மருந்து வேறொன்றையும் கரைத்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. குக்கர் விசில் உனக்குக் கேட்கவில்லை. காலிங் பெல் கேட்கவில்லை. நாங்கள் பேசினால் பாதிச் சொற்கள் புரியாமல் வாயைப் பார்த்தாய். காது பரிசோதனை செய்த பெண், மேல் சுருதிகள் போய்விட்டன, கீழ்ச் சுருதிகள் அப்படியே இருக்கின்றன, அந்த மருந்தால் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, போனது திரும்பாது என்று பொறுமையாக விளக்கினாள். காதில் மாட்டிய மெஷின் பேச்சுக்கு உதவியது. பாட்டைத் தகரமாக்கியது.

நீ லிங்கராஜபுரத்து சர்ச்சில் சோப்ரானோ, மேல் சுருதியில் பாடுகிறவள். பாடகர் குழுவின் முன்வரிசையில், ஆர்கனுக்குப் பக்கத்தில், எத்தனையோ கிறிஸ்துமஸ்களாக உனக்கென்று ஓர் இடம் இருந்தது. தலைமுடி முளைக்கத் தொடங்கியதும் ஒரு நாள் பயிற்சிக்குப் போனாய். பாதியிலேயே திரும்பி வந்துவிட்டாய்.

“என் குரலே எனக்குக் கேக்கல. எந்தச் சுருதில நிக்கிறேன்னு தெரியாம எப்படிடி பாடறது?” என்றாய்.

நீயும் அழவில்லை. இரண்டு வாரம் அதைப் பற்றி வாயே திறக்காமல் இருந்துவிட்டு, ஒரு மத்தியானம் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாய்: “மேல இருக்கிறது போயிடுச்சு. கீழ இருக்கிறதையாவது நல்லாக் கேப்போம்.”

மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன அறையை நீ ஏற்கனவே பாட்டுக்காக ஒழித்து வைத்திருந்தாய். ஒரு கீபோர்டு, இரண்டு சிறிய ஸ்பீக்கர், ஒரு மர நாற்காலி. அந்த ஸ்பீக்கர்களிலிருந்து ஆர்கனின் அடி சுரங்கள், அதாவது பேஸ், வரவே வராது. அதற்குத்தான் சப்வூஃபர் என்கிற தனி ஸ்பீக்கர் பெட்டி. அதை வாங்கும் முன் எழுத்து ஓடும் வீடியோக்களாகப் பார்த்துப் பார்த்து, நான் ஆபீசில் ஒரு சாஃப்ட்வேரைப் படிப்பதைவிட அக்கறையாகப் படித்தாய்.

எஸ்.பி. ரோட்டுக் கடையில் இருந்தவர் எடுத்த எடுப்பிலேயே பெரிய பெட்டி ஒன்றைப் போட்டுக் காட்டினார். கடையின் கண்ணாடிக் கதவு நடுங்கியது. “மேடம், இதைப் போட்டா வீடே ஆடும்,” என்றார். நீ அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, “வீடு ஆட வேணாம்ப்பா. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக் கேக்கணும்,” என்றாய். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அறை எவ்வளவு பெரிது என்று கேட்டார். சின்ன அறையில் சுவர்களே அடிச்சத்தத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும், பெரிய பெட்டி வைத்தால் ஒரே குமுறலாகிவிடும் என்று வெளியே வரும்போது எனக்குச் சொன்னாய். துளை வைத்த பெட்டியில் சுரம் முடிந்த பிறகும் சத்தம் இழுத்துக்கொண்டே இருக்கும், மூடின பெட்டியில் சுரம் நின்றால் சத்தமும் நிற்கும் என்பதையும் நீதான் சொன்னாய். எட்டங்குலத்தில் மூடின பெட்டியொன்றை வாங்கினோம். ஆட்டோவில் நம் நடுவே மூன்றாவது ஆளாக அது உட்கார்ந்து வந்தது.

நான் அதை மூலையில் வைத்தேன். இடத்தை அடைக்காது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. கீபோர்டில் அடி சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துப் பதிவு செய்து ஓடவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாய்.

“ஒரு சுரம் வந்து இடிக்குது. அடுத்தது இல்லவே இல்ல. பெட்டியைத் தூக்கி என் நாற்காலில வை,” என்றாய்.

நீ விளையாடுகிறாய் என்று நினைத்தேன். விளையாட்டில்லை. உட்கார்ந்து கேட்கும் இடத்தில் பெட்டியை வைத்து ஓடவிட்டு, அறை முழுக்கத் தரையோடு தவழ்ந்து போய், எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அந்த இடத்தில் பெட்டியை வைக்க வேண்டுமாம். தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு நைட்டியோடு நீ முன்னால் தவழ்ந்தாய். நான் பின்னால். நீ தரையில் கையை ஊன்றி நின்று நின்று, தலையை ஆட்டி, நகர்ந்தாய்.

அப்போதுதான் மாமா அச்சகத்து வேலை முடிந்து வந்தார். பெண்கள் இருவரும் நாலு காலில்; நாற்காலியில் விருந்தாளி மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி. உன் வீட்டுக்காரர் எதற்கும் அதிராதவர். “என்ன தொலைஞ்சு போச்சு?” என்று கேட்டார். உனக்குக் கேட்கவில்லை. “பேஸ், மாமா,” என்றேன். அவர் பையை வைத்துவிட்டு டீ போடப் போனார்.

நல்ல இடம் கதவோரத்தில் இருந்தது. அங்கே பெட்டியை வைத்தால் கதவு பாதிதான் திறக்கும். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. மாமா கனத்த உடம்புக்காரர். அன்றிலிருந்து அந்த அறைக்குள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைந்தார், ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூலையில் பழைய பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினாய், குமுறல் அடங்கியது. கீழ் வீட்டு அம்மா மட்டும் மேலேறி வந்து, “அக்கா, பாத்திரமெல்லாம் கடகடங்குது, ஸ்வல்ப கம்மி பண்ணுங்க,” என்றார். பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டோம். அவர் கடைக்குப் போகும் மத்தியானங்களில் மட்டும் கேட்பது என்று முடிவாயிற்று.

அந்த மத்தியானங்களில் ஒன்றுதான் எனக்கு மிகத் தெளிவாக நினைவிருக்கிறது. பழைய கிறிஸ்துமஸ் ஆராதனை ஒன்றை யாரோ பின்வரிசைத் தூணுக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். அதைப் போட்டாய். பெட்டியின் பின்பக்கக் குமிழைத் திருகிக்கொண்டே இருந்துவிட்டு, சட்டென்று கையை உயர்த்தி என்னை நிறுத்தினாய். நான் பேசவே இல்லை.

“இது அவர்டி,” என்றாய்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“மத்தவங்க நிறுத்தின பிறகும் கடைசிச் சொல்லை விட மாட்டேங்கறாரு பாரு.”

மாமா பின்வரிசையில் பேஸ், அடிக்குரலில் பாடுகிறவர். அந்தக் குழுவில்தான் நீங்கள் இருவரும் பழகிக் கல்யாணம் செய்துகொண்டீர்கள். அவர் பாடுவதில்லை, வாயை மட்டும் அசைக்கிறார் என்று நீ எத்தனை முறை கேலி செய்திருக்கிறாய். அன்று அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டாய். சோப்ரானோக்கள் உன் காதுக்கு இல்லை. ஆர்கனின் அடியும், அதன்மேல் ஓர் ஆணின் குரலும்தான் இருந்தன.

“இத்தனை வருஷம் நான் மேல நின்னு ஆடினதுக்கெல்லாம் இவர் கீழ தரை போட்டிருக்காரு. நான் ஒரு நாளும் காது குடுக்கல,” என்றாய்.

அவரிடம் சொல்லச் சொன்னேன். மறுத்தாய். தெரிந்தால் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்வார், இன்னும் கொஞ்ச நாள் கேட்டுக்கொள்கிறேன், நீயும் சொல்லாதே என்றாய். சரி என்று வாக்குக் கொடுத்தேன். அதன்பின் ஒவ்வொரு பயிற்சியையும் போனில் பதிவு செய்து வரச்சொல்லி அவரை அனுப்பினாய். நீ பாடிய வரிசையைக் கேட்க ஆசைப்படுகிறாய் என்று நினைத்து, பாவம், போனைக் கொண்டுபோய் சோப்ரானோக்களின் காலடியில் வைத்தார். அங்கே எதிரொலிக்கிறது, உங்கள் பக்கத்திலேயே வையுங்கள் என்று பொய் சொன்னாய். அவர் நம்பினார்.

பிறகு நோய் திரும்பியது. அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. மருத்துவமனையின் வாசனை, லிஃப்ட், மாத்திரை அட்டைகள், உன் காலின் எடையின்மை. எல்லாம் நினைவில் இருக்கின்றன, படம் பார்த்ததுபோல.

உன் அடக்க ஆராதனையில் உன் குழுதான் பாடியது. நன்றாகவே பாடினார்கள். நான் மேலே கேட்கவில்லை, நீ பழக்கியபடி அடியைத்தான் தேடினேன். அடி இல்லை. மாமா உன் தலைமாட்டில் நின்றிருந்தார், பின்வரிசையில் அவர் இடம் காலி. சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததைக் கவனிப்பதுபோல அதைக் கவனித்தேன். எல்லோரும் என் தோளைத் தொட்டார்கள். என் கண் காய்ந்தே இருந்தது.

அதன்பின் மாமா குழுவுக்குப் போகவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். ஆனேக்கல்லில் இருக்கும் அவர் அக்கா மகளுக்கு இங்கே வேலை கிடைத்திருக்கிறது, அந்த அறையில் தங்க வருகிறாள், கட்டில் போட வேண்டும் என்றார். அறைச் சாமான்களை ஏற்ற ஒரு வாடகை வண்டி பிடித்துப் போனேன். மெத்தையை மாடியில் வெயிலில் போட்டிருந்தார். பெட்டியின் ஒயர்களைக் கழற்றிச் சுருட்டிக் கட்டியிருந்தார்.

“உன் வீட்ல வெச்சுக்கம்மா. அவ ஆசையா வாங்கினது. இதுல அப்படி என்ன கேட்டாளோ, எனக்குத் தெரியாது,” என்றார்.

சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துப் போகவில்லை. பஸ் நம்பரைச் சொல்வதுபோலச் சொன்னேன்.

“உங்களைத்தான் கேட்டா, மாமா.”

அவருக்குப் புரியவில்லை. தூணருகே எடுத்த பதிவையும், அவர் இழுத்து விடும் கடைசிச் சொல்லையும், போனை இடம் மாற்றச் சொன்ன பொய்யையும் சொன்னேன். நீ தரையைப் பற்றிச் சொன்னதையும் அப்படியே சொன்னேன். அவர் உன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே,” என்றார்.

“சொன்னா பாடறதை நிறுத்திடுவீங்கன்னு பயந்தா.”

“நிறுத்தியிருப்பேன்,” என்றார்.

பிறகு எழுந்து, ஒயர் கட்டைப் பிரித்து, குனிந்து மூச்சு வாங்க அவரே திரும்ப மாட்டினார். எதையும் ஓடவிடவில்லை. கட்டிலை எதிர்ச்சுவரோரம் போட்டுக்கொள்ளலாம், இது இங்கேயே இருக்கட்டும் என்றார். கீழே காத்திருந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு பஸ்ஸில் வந்தேன். உனக்குக் கொடுத்த வாக்கை உடைத்தது சரியா என்று வழியெல்லாம் யோசித்தேன். வருத்தமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. அந்தப் பெண் இப்போது அங்கேதான் இருக்கிறாள். மாமா போன வாரம் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார் என்று செய்தி அனுப்பியிருந்தாள். பாடினாரா, சும்மா நின்றாரா என்று நான் கேட்கவில்லை.

என்னிடம் மிச்சமிருப்பது ஒன்றுதான் அக்கா. நேற்று ஆபீஸ் கூட்டத்தில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராகக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் பேசியபோது அடங்கினார்கள். முடிந்ததும் புதிதாகச் சேர்ந்த பெண் வந்து, எப்படி இவ்வளவு நிதானமாகப் பேசுகிறீர்கள், முகத்தைப் பார்த்து, மெதுவாக, தாழ்ந்த குரலில், எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்றாள். பழக்கம்தான் என்று சொல்லி வைத்தேன். உன் காதுக்கு எட்டுவதற்காக இறக்கிக்கொண்ட குரல் அது. வேறு குரலில் பேச எனக்கு இப்போது வரவில்லை.